கடனும் நாணயமும்

தலைநகர் தில்லியில் வாழும் தமிழர் இல்லங்களில், வாங்கல் விற்றல் பற்றிய பேச்சில் ஆங்கிலச் சொற்களே மிகுந்து வழங்குகின்றன. மார்க்கெட், பில், டிஸ்கவுண்ட், லோன் என்பன அயற்சொற்கள் என்ற உணர்வே நமக்கு இன்று இல்லை. பஞ்சாபியரோடும் வங்காளியரோடும் ஒரே கடைத்தெருவில் கொண்டும் கொடுத்தும் வாழ்வோர்க்கு இஃது இயல்பே. ஆயின், ஒரு சொல்லை ஏற்கும்போது அதனுள் உறையும் அறத்தையும் உடன் ஏற்கின்றோமா என்பது எண்ணத்தக்க வினாவாகும்.

'கிரெடிட்' என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம்புதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்தது அது. பொருளை இன்று தந்து, விலையை நாளை பெற இசைபவன், பொருளோடு தன் நம்பிக்கையையும் சேர்த்தே தருகின்றான். அதே கொடுக்கல் வாங்கலைத் தமிழ் 'கடன்' என்கிறது. கடன் என்பது திருப்பித் தரவேண்டிய பொருளை மட்டுமன்றி, செய்தே தீரவேண்டிய கடமையையும் குறிக்கும். புறநானூற்றில் பொன்முடியார், ஈன்று வளர்க்கும் தாய்க்கும், சான்றோனாக்கும் தந்தைக்கும், வேல் வடிக்கும் கொல்லனுக்கும் உரிய பொறுப்புகளை இச்சொல்லாலேயே சுட்டுகிறார். ஆக, ஆங்கிலச் சொல் கொடுப்பவன் பக்கம் நின்று நோக்குகிறது. தமிழ்ச் சொல் வாங்குபவன் பக்கம் நின்று நோக்குகிறது.

இவ்வேறுபாடு சிறிதன்று. 'கடன்பட்டோம்' என்னும்போது நெஞ்சில் ஒரு சுமை ஏறுகிறது. 'கிரெடிட்டில் வாங்கினோம்' என்னும்போதோ, நம்மை மதித்துத் தந்தார்கள் என்ற பெருமிதம் தோன்றுகிறது. நாவில் சொல் மாறியதும் உள்ளமும் இடம் மாறிவிடுகிறது. தீபாவளிக்கு முன் மூன்று தவணைப் பொருள்கள் ஒரே இல்லத்துள் நுழைவதும், தை பிறக்கையில் மாதச் சம்பளம் முதல் வாரத்திலேயே கரைவதும் இதனாலன்றோ?

இதனைக் கொண்டு ஆங்கிலம் அறமற்ற மொழி என முடிவுகட்டுதல் பிழையாகும். செலுத்தவேண்டிய தொகையைக் குறிக்கும் 'டியூ', கடமையைக் குறிக்கும் 'டியூட்டி' ஆகிய இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. அலுவலகத்தில் நாள்தோறும் இரண்டையும் கோப்புகளில் எழுதும் நாம் அவ்வுறவை நினைப்பதில்லை, அவ்வளவே. தமிழிலும், கொடுப்பவனின் நம்பிக்கைக்கு உரியதொரு சொல் இல்லாமலில்லை. காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும் 'நாணயம்' என்பதே அது. 1904 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டவழி நிலைபெற்றன. பின்னர்த் தமிழில் பெயர் சூட்டியோர், உழவர்க்குரியதை 'வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்' என்றனர். பணியாளர்க்குரியதைச் 'சிக்கன நாணயச் சங்கம்' என்றனர். ஆங்கிலத்தில் ஈரிடத்தும் இருப்பது 'கிரெடிட்' என்ற ஒரே சொல்லே. அதன் இரு முகங்களையும் இரு சொற்களால் காட்டிய அப்பெருமக்களின் நுண்மை போற்றற்குரியது.

இன்றோ ஒருவர் நாணயத்தை எண்ணே உரைக்கிறது. 2000 இல் தோன்றிய சிபில் நிறுவனம் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகிறது. முகமறியா ஊரில் குடியேறிய நம்போன்றோர்க்கு இதனால் நன்மையும் உண்டு. நம் குலமும் மொழியும் கேளாமல் வங்கி கடன் தருகிறது. எனினும், தாய்க்கு மருத்துவம் பார்த்ததால் தவணை தவறினவனையும், ஆடம்பரத்தால் தவறினவனையும் அவ்வெண் பிரித்தறியாது. அவ்வேறுபாட்டை அறிவது அவரவர் மனச்சான்று ஒன்றே.

அயற்சொல்லை அஞ்ச வேண்டுவதில்லை. நாணயம் என்பதே 'நாணகம்' என்னும் வடசொல் வழி வந்ததுதான். வந்த சொல்லை நம் முன்னோர் காசோடு நிறுத்தாமல் வாய்மைக்கும் பெயராக்கினர். கிரெடிட்டையும் நாம் அவ்வாறே ஆக்கிக்கொள்ளலாம். நம் மக்கள் அச்சொல்லைத் தாராளமாகச் சொல்லட்டும். சொல்லும்போது, ஒருவர் நம்மை நம்பியுள்ளார், அந்நம்பிக்கை நம் மேல் கடன் என்பதையும் இல்லத்தில் கற்றுக்கொள்ளட்டும். அதனைக் கற்பிப்பது பெற்றோராகிய நம் தலையாய கடனாகும்.