பறிக்காத பூ

2022 ஜூலையில் லண்டனில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் அங்கேயே வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. அது தணிந்ததும் பேத்தி என்னை டவர் ஆஃப் லண்டனுக்குக் கூட்டிப்போனாள்.

எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்து 70 ஆண்டு நிறைந்ததற்காக, கோட்டை அகழியில் 2 கோடி விதை தூவியிருந்தார்கள். சாக்கடை நாற்றமும் நோயும் பொறுக்காமல் 1843-லேயே தண்ணீரை வடித்துத் தூர்த்துவிட்ட அகழி. மதிலுக்கு உள்ளே, 1536-ல் அரசி ஆன் பொலினின் தலையை வெட்டிய கோட்டை. வெளியே நீலமும் மஞ்சளும் சிவப்புமாக இடுப்பளவுக்குப் பூக்கள்.

என்னையறியாமல் கை நீண்டுவிட்டது. "பாட்டி, பறிக்கக் கூடாது!" என்று பேத்தி மணிக்கட்டைப் பிடித்தாள். அறுபது வருஷமாக விடிந்ததும் பூக்குடலை எடுக்கிற கை. பூவைப் பார்த்தால் சுவாமிக்கு என்றுதான் அதற்குத் தோன்றும். கூசிப்போய் அங்கேயே நின்றேன்.

நின்றதால்தான் அதைப் பார்த்தேன். பாப்பி ஒன்று இதழெல்லாம் உதிர்த்து, வெறும் காயாக நின்றது. குருமாவுக்கு அரைக்கிற கசகசாவின் உறவுதான். சுண்டுவிரல் நுனியளவு காய், மேலே ஒரு மூடி, மூடிக்கு அடியில் சுற்றிலும் பொடிப்பொடி ஓட்டைகள். காற்றில் தண்டு ஆடியபோது அவற்றின் வழியே விதை மண்ணில் சிந்தியது. ஒரு பூ முடிக்கவேண்டிய வேலை இதுதானே என்று மனம் திடுக்கிட்டது. நான் பறித்த எந்த நந்தியாவட்டையையும் அதன் வேலையை முடிக்க விட்டதில்லை.

எங்கள் திருச்சியில் வாழ்ந்த தாயுமானவருக்குப் பூப்பறிக்க மனம் வரவில்லை. பூவுக்குள்ளேயே இறைவன் இருக்கக் கண்டவர். அப்படி அவர் பாடியது நான் சிறு வயதிலிருந்து பாடுகிற பாட்டு. அதைக் கவிஞரின் நெகிழ்ச்சி என்று மட்டும் நினைத்திருந்தேன். அகழிக்குள் நின்றபோதுதான் அது ஒரு கேள்வியாக என்னைத் தைத்தது. அவனிடம் ஏற்கெனவே இருப்பதைப் பிடுங்கி அவனுக்கே கொடுத்தால், அதில் என் காணிக்கை எது?

யோசித்துப் பார்த்தேன். பூ என்னுடையது இல்லை. விடியலில் எழுந்தது என்னுடையது. முதுகு வலிக்கக் குனிந்தது, மௌனமாக நாரில் தொடுத்தது, இவைதான் நான் கொடுத்தவை. அவன் ஏற்றுக்கொண்டதும் அவையாகத்தான் இருக்கவேண்டும். ஆகவே பூசையை விட எனக்கு மனமில்லை. பூசை என் கையில்தான் தொடங்குகிறது என்ற நினைப்பு மட்டும் போய்விட்டது. நான் குடலையோடு போகுமுன்பே செடி தன் அர்ச்சனையைத் தொடங்கியிருக்கிறது.

கீழே விழுந்த பூ சுவாமிக்கு ஆகாது என்பார்கள் பெரியவர்கள். பவழமல்லிக்கு மட்டும் விலக்கு. ஊர் திரும்பியதும் கொல்லையில் ஒரு பவழமல்லிக் கன்று வைத்தேன். இப்போது இரவெல்லாம் உதிர்க்கிறது. விடியலில் உட்கார்ந்து, காம்பில் ஒட்டிய மண்ணை ஊதி ஊதிப் பொறுக்குகிறேன். செம்பருத்தியையும் பறிக்கிறேன், செடியிடம் கேட்டுக்கொண்டு.