நடுவு நிலை தவறினால் இழப்பவர் யார்?

உலகில் நடைபெறும் போட்டிகளை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, கருவியால் அளந்து முடிவு காணத்தக்கது. மற்றொன்று, மனிதர் கண்ணால் கண்டு, மனத்தால் எடைபோட்டு முடிவு கூறத்தக்கது. ஓட்டப் பந்தயத்தில் முந்தியவர் யார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். கடிகாரத்திற்கு உற்றாரும் இல்லை, ஊரும் இல்லை. ஆனால் அழகும் திறனும் கலந்த ஓர் ஆட்டத்தை அளக்கக் கடிகாரம் உதவாது. அங்கே மனிதரே அளவுகோலாகிறார். அளவுகோலுக்கே விருப்பு வெறுப்பு உண்டென்றால், அளக்கப்படுபவரின் கதி என்ன? இவ்வினாவை ஆராய்வதற்கு மகளிர் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளின் வரலாறு பெரிதும் துணை செய்யும் என்று நாம் கருதுகிறோம்.

ஃபிகர் ஸ்கேட்டிங் என்பது உறைந்த பனித்தரையில், காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின்மீது நின்று, இசைக்கேற்பச் சறுக்கி ஆடுவது. ஒலிம்பிக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் கண்ட நம் வீட்டுப் பிள்ளைகள் இதனை அறிவர். ஆடும் பெண் விரைந்து வந்து மேலெழும்பி, அந்தரத்தில் மும்முறை சுழன்று, ஒற்றைக் காலில் இறங்குகிறாள். தகட்டின் எந்த விளிம்பால் எழும்பினாள், சுழற்சி முழுமை பெற்றதா, இசையோடு உடல் இசைந்ததா என்பனவற்றையெல்லாம் நடுவர் சில நொடிகளில் கண்டு மதிப்பெண் இடவேண்டும். பல்லாண்டுப் பயிற்சி நான்கு நிமிட ஆட்டத்தில் அடங்குகிறது. அந்த நான்கு நிமிடத்தின் பயன் ஒன்பது நடுவர் கையில் அடங்குகிறது.

விலக்கப்பட்டவர் யார்?

இவ்வாட்டத்தை உலக அளவில் நெறிப்படுத்தும் பன்னாட்டு ஸ்கேட்டிங் ஒன்றியம் 1892ஆம் ஆண்டில் தோன்றியது. 1902இல் இலண்டனில் நடந்த உலகப் போட்டியில் மேட்ஜ் சையர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி கலந்துகொண்டார். பெண்கள் சேரலாகாது என்று விதியில் எங்கும் எழுதப்படவில்லை. அதனால் அவரைத் தடுக்க இயலவில்லை. ஆடவரோடு போட்டியிட்டு அவர் இரண்டாமிடம் பெற்றார். அடுத்த ஆண்டே ஒன்றியம் கூடி, பெண்கள் ஆடவரோடு போட்டியிடுவதைத் தடை செய்தது. நீண்ட பாவாடை கால்களை மறைப்பதால் நடுவரால் பார்க்க இயலாது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒரு நடுவர் தாம் அன்பு கொண்ட பெண்ணுக்கே மதிப்பெண் இட நேரலாம் என்பது மற்றொன்று.

இந்த இரண்டாம் காரணத்தைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பற்றுக் கொள்பவர் நடுவர். எனவே குறையும் அவருடையதே. ஆனால் விலக்கப்பட்டவளோ பெண். தராசு சரியில்லை என்று தெரிந்த பின் தராசை மாற்றாமல், பண்டத்தைச் சந்தையிலிருந்து வெளியேற்றியது போன்றது இது. பெண்களுக்கெனத் தனிப் போட்டி 1906இல் ஏற்பட்டது. அதில் முதலிடம் பெற்றவரும் அந்தச் சையர்ஸ் அம்மையாரே. 1908இல் ஒலிம்பிக் தங்கமும் அவருக்கே கிட்டியது.

ஐவருள் மூவர்

நடுவரின் பற்றைப் பற்றி ஒன்றியம் முறையாகச் சிந்திக்க மேலும் ஓர் இருபது ஆண்டு ஆயிற்று. 1927இல் நார்வே நாட்டு ஓஸ்லோ நகரில் மகளிர் உலகப் போட்டி நடந்தது. ஐந்து முறை தொடர்ந்து உலக வெற்றி பெற்றிருந்த ஆஸ்திரிய நாட்டு ஹெர்மா சாபோ ஒரு புறம். பதினான்கு வயதே நிரம்பிய நார்வே நாட்டுச் சோன்யா ஹெனி மறுபுறம். நடுவர் ஐவருள் மூவர் நார்வே நாட்டினர். அம்மூவரும் ஹெனிக்கு முதலிடம் தந்தனர். ஆஸ்திரியரும் ஜெர்மானியரும் சாபோவுக்கு முதலிடம் தந்தனர். மூவர் சொல் வென்றது. சாபோ மனம் கசந்து போட்டிகளிலிருந்து விலகினார். அதன் பின்னரே, ஒரு போட்டியில் ஒரு நாட்டுக்கு ஒரு நடுவருக்கு மேல் கூடாது என்னும் விதி பிறந்தது.

அந்த மூவரும் கைக்கூலி பெற்றவர்கள் என்று எவரும் கூறவில்லை. தாம் கண்டது உண்மை என்றே அவர்கள் நம்பியிருக்கக்கூடும். தம் ஊர்ச் சிறுமி ஆடும்போது அவள் ஆட்டத்தின் நிறை பெரிதாகத் தெரியும். குறை கண்ணில் படாது. இதில் பொய் சொல்லும் எண்ணமே தேவையில்லை. பற்று, கண்ணுக்கும் காட்சிக்கும் இடையே திரையாக வந்து நின்றுவிடுகிறது. திரை இருப்பதைத் திரைக்குள் இருப்பவர் அறிவதில்லை. நடுவு நிலைமை அரிதாவதன் காரணம் இதுவே.

சோன்யா ஹெனி இதனையும் சேர்த்து மொத்தம் பத்து உலகப் பட்டங்களும் மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் பெற்றார். அவர் திறமை உடையவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் பெற்ற முதல் பட்டத்தைக் குறிப்பிடும்போதெல்லாம், "ஐவருள் மூவர்" என்னும் சொல்லும் உடன் வருகிறது. அச்சிறுமி செய்த பிழை என்ன?

வேறுபாடு வேறு, ஓரவஞ்சனை வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நடுவர்கள் கருத்து மாறுபட்டதாலேயே அநீதி நிகழ்ந்தது என்று முடிவு கட்டுதல் தவறு. 1994இல் நார்வேயின் லில்லஹாமர் ஒலிம்பிக்கில், உக்ரைன் நாட்டின் பதினாறு வயது ஒக்சானா பையூலுக்கு ஐந்து நடுவரும், அமெரிக்காவின் நான்சி கெரிகனுக்கு நான்கு நடுவரும் முதலிடம் தந்தனர். ஒருவர் ஆட்டத்தில் நயம் மிகுதி. மற்றவர் ஆட்டத்தில் பிழையின்மை மிகுதி. எது சிறந்தது என்பதில் நேர்மையாளர் ஒன்பது பேரும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே கட்டுரையைப் படிக்கும் இரு ஆசிரியர்களில் ஒருவர் கருத்தாழத்துக்கும் மற்றவர் நடைத் தெளிவுக்கும் மதிப்பெண் தருவது போன்றதே இது.

அவ்வாறாயின் ஓரவஞ்சனையை எப்படி அறிவது? ஒரு தீர்ப்பைக் கொண்டு அறிய முடியாது. பல தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அறியலாம். கருத்து வேறுபாடு இயல்பானதாயின், அது ஒரு முறை ஒரு பக்கமும் மறுமுறை மறு பக்கமும் சாயும். எப்போதும் நாட்டுக் கொடியின் பக்கமே சாயுமானால், அது வேறுபாடு ஆகாது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் எரிக் ஜிட்ஸெவிட்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடுவர்கள் தம் நாட்டவருக்குக் கூடுதலாக மதிப்பெண் இடுவதையும், ஃபிகர் ஸ்கேட்டிங்கில் நாடுகள் தமக்குள் ஆதரவைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளும் போக்கையும் புள்ளிவிவரங்களால் காட்டினார்.

மறைத்தால் திருந்துமா?

2002இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகர ஒலிம்பிக்கில், இணையர் பிரிவில் இப்பண்டமாற்று வெளிச்சத்திற்கு வந்தது. ரஷ்ய இணை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கனடா இணையை வென்றது. பிரான்சு நாட்டு நடுவர், தம் நாட்டுக் கூட்டமைப்பு தமக்கு நெருக்கடி கொடுத்ததாகக் கூறினார். பின்னர் அதை மறுத்தார். அவரும் கூட்டமைப்பின் தலைவரும் மூன்றாண்டுகள் விலக்கி வைக்கப்பட்டனர். கனடா இணைக்கும் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. ஆறு என்பதை உச்சமாகக் கொண்ட பழைய மதிப்பெண் முறையும் அதனோடு முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை மதிப்பு வகுத்து, நடுவர் இடும் மதிப்பெண்களில் மிகுந்ததையும் குறைந்ததையும் நீக்கிச் சராசரி காணும் புதிய முறை 2004இல் ஏற்கப்பட்டது.

இச்சீர்திருத்தத்தோடு மற்றொன்றும் வந்தது. எந்த நடுவர் எந்த மதிப்பெண் இட்டார் என்பதை மறைத்துவிட்டனர். யார் என்று தெரியாவிட்டால், கூட்டமைப்புகள் நடுவரை மிரட்ட முடியாதல்லவா என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணமே. ஆனால் அதே ஜிட்ஸெவிட்ஸ் பின்னர் ஆராய்ந்தபோது, தம் நாட்டுப் பற்று குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது என்று கண்டார். இருளில் மிரட்டுபவர் கண் தெரியாமற் போனது போலவே, கேள்வி கேட்பவர் கண்ணும் தெரியாமற் போயிற்று. 2016இல் ஒன்றியம் அந்த மறைப்பைக் கைவிட்டது.

பொதுத் தேர்வுத் தாள் திருத்திய ஆசிரியர்களுக்கு இது வியப்பைத் தராது. தாளில் மாணவர் பெயரை மறைக்கிறோம். திருத்தியவரோ கையொப்பம் இடுகிறார். தீர்ப்புக்கு உள்ளாகிறவர் யார் என்று தெரியாமலிருப்பது நன்று; தீர்ப்புக் கூறுபவர் யார் என்று தெரிந்திருப்பது நன்று. பனித்தரையில் ஆடும் பெண்ணின் முகத்தை மறைக்க முடியாது. மறைக்கக் கூடாத நடுவர் பெயரை மறைத்ததே பிழையாயிற்று.

சோச்சியில் நிகழ்ந்தது

மறைப்பு நிலவிய காலத்தில்தான், 2014இல் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக் நடந்தது. முதற்பகுதி ஆட்டத்தின் முடிவில் தென் கொரியாவின் கிம் யூனா 74.92 மதிப்பெண்ணும், ரஷ்யாவின் பதினேழு வயது அடெலினா சோட்னிகோவா 74.64 மதிப்பெண்ணும் பெற்றிருந்தனர். இரண்டாம் பகுதியும் முடிந்தபோது சோட்னிகோவா 224.59, கிம் யூனா 219.11. சோட்னிகோவா ஒரு தாவலில் சிறு பிழை செய்தார். ஆனால் மும்முறைச் சுழற்சித் தாவல்கள் அவருக்கு ஏழு, கிம்முக்கு ஆறு. ஆகவே அவர் வென்றதற்குக் காரணம் காட்ட முடியாமல் இல்லை. அந்த முடிவு சரியா தவறா என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை.

நம் வினா வேறு. இரண்டாம் பகுதிக்கு மதிப்பெண் இட்ட நடுவர்களுள் ஒருவர், ரஷ்ய ஸ்கேட்டிங் கூட்டமைப்பில் உயர் பொறுப்பில் இருந்தவரின் மனைவி. மற்றொருவர், 1998 நாகானோ ஒலிம்பிக் பனி நடனப் போட்டியில் முறைகேடாக நடந்துகொண்டதற்காக ஓராண்டு விலக்கி வைக்கப்பட்டவர். கொரிய நாட்டினர் அளித்த முறையீட்டை ஒன்றியம் தள்ளுபடி செய்தது. விதிப்படி அவர்கள் அமர்ந்ததில் தடையில்லை எனலாம். அவ்விருவரும் அன்று நேர்மையாகவே மதிப்பெண் இட்டனர் என்றே கொள்வோம். அப்போதும் அந்த நாற்காலியில் அவர்கள் அமர்ந்திருக்கலாமா?

கூடாது என்பதே நம் கருத்து. நீதி, சரியாக இருந்தால் மட்டும் போதாது. சரி என்று நம்பத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். தாய் தன் மகளுக்கு முதற்பரிசு அளித்தால், மகள் உண்மையிலேயே முதல்வியாயினும், ஊர் நம்பாது. அந்த நம்பாமையின் சுமையைத் தாய் சுமப்பதில்லை, மகளே சுமக்கிறாள். கிம் யூனா நடுவரைப் பழித்துரைக்காமல் வெள்ளிப் பதக்கத்தோடு போட்டிகளிலிருந்து விடைபெற்றார். அவர் பெருமை குறையவில்லை. உலகத்தார் பலர் மனத்தில் கூடியே நின்றது. சோட்னிகோவா பெற்றது தங்கம். ஆயினும் ஆண்டுகள் பல கடந்த பின்னும் அவர் பெயரைச் சொன்னவுடன் நடுவரைப் பற்றிய வினாவே முதலில் எழுகிறது. மதிப்பெண் இட்டவர் அவரல்லர்.

ஆகவே, நடுவு நிலை தவறினால் தோற்றவருக்கு மட்டுமே இழப்பு என்று எண்ணுவது பாதி உண்மை. தோற்றவர் பதக்கத்தை இழக்கிறார். வென்றவரோ, "இது என் உழைப்பால் வந்தது" என்று ஐயமின்றிச் சொல்லும் உரிமையை இழக்கிறார். ஒருவருக்குச் சலுகை காட்டுபவர், தாம் அவருக்கு நன்மை செய்வதாகவே எண்ணுகிறார். உண்மையில் அவர் பறிப்பது, பின்னர் எவராலும் திருப்பித் தர முடியாத ஒன்று.

நாம் செய்யத்தக்கது

நாட்டுப் பற்று மட்டுமே திரையாவதில்லை. அறிமுகமும் திரையாகும். நடுவர்கள் தமக்கு முன்பே தெரிந்த ஆட்டக்காரருக்குத் தெரியாதவரைவிடக் கூடுதல் மதிப்பெண் தருவதை ஓர் ஆய்வு காட்டியுள்ளது. ஆடும் வரிசையும் திரையாகும். பின்னர் ஆடுவோர் முன்னர் ஆடியோரைவிட மிகுதியாகப் பெறுகின்றனர் என்று மற்றோர் ஆய்வு கூறுகிறது. கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாதவரும் இவற்றில் வழுக்கி விழக்கூடும்.

பள்ளிப் பேச்சுப் போட்டிக்கோ, கோலப் போட்டிக்கோ, குடும்பத்தில் இருவர் பிணக்குக்கோ நடுவராக அமரும் வாய்ப்பு நம்மில் பலருக்கும் வருகிறது. அப்போது மூன்று செயல்கள் நம்மால் இயலும். உறவோ உதவியோ உள்ள இடத்தில், "நான் நேர்மையானவன், எனக்கென்ன?" என்று வாதாடாமல் எழுந்துவிடுதல் முதலாவது. நாம் சொன்ன முடிவை நம் பெயரோடும் காரணத்தோடும் வெளிப்படையாகச் சொல்லுதல் இரண்டாவது. இதுவரை நாம் சொன்ன முடிவுகளை வரிசையாக எண்ணிப் பார்த்து, அவை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்துள்ளனவா என்று நம்மை நாமே வினவுதல் மூன்றாவது. மூன்றனுள் கடைசியே கடினமானது. அதனை நமக்காகப் பிறர் செய்ய இயலாது.

நம் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கும்படி யாரிடமாவது ஒரு சொல் சொல்லி வைக்க மனம் விழையும்போது, பனித்தரையில் நின்ற அந்தப் பதினான்கு வயதுச் சிறுமியையும் பதினேழு வயதுப் பெண்ணையும் நினைவுகூர்வோமாக. பிள்ளைக்கு நாம் தரத்தக்கது, அதன் வெற்றியின்மீது பிறர் ஐயம் விழாமற் காத்தலே ஆகும்.