உதவி பெறுவதும் புண்ணியமே



பிறருக்கு உதவி செய்வது புண்ணியம் என்று அறிவோம். பிறரிடம் உதவி பெறுவது? அது வெட்கத்துக்குரிய காரியமோ?

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதை ஸ்கோலியோஸிஸ் என்பார்கள். வளைவு மிஞ்சினால் வயது வந்தவர்களுக்கும் ரண சிகிச்சை செய்வதுண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர வைத்தியர் பால் ஹாரிங்டன், உலோகக் கம்பி பொருத்தி வளைவை நிமிர்த்தும் முறையை 1962-ல் வெளியிட்டார். அந்நாளில் நோயாளிகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தார்கள். இன்றோ ஓரிரு நாளிலேயே எழுந்து நிற்கச் செய்கிறார்கள். ஆயினும் எலும்புகள் ஒன்றாய் இணைய 6 மாதம் முதல் 1 வருஷம் வரை செல்லும். முதல் சில மாதங்கள் குனியலாகாது, உடலை முறுக்கலாகாது, பாரம் தூக்கலாகாது.

நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கிய தகப்பனுக்கு இன்று செருப்பு மாட்டவும் மகன் கை வேண்டியிருக்கிறது. வலியைவிட இதுவே அவருக்குக் கசப்பு. "எனக்கு ஒருவர் உதவியும் வேண்டாம்" என்று தாமே குனிவது தைரியமல்ல, ஆங்காரம். அதன் விலையை முதுகெலும்பு செலுத்த நேரிடும். மெய்யான தாழ்ச்சியோ, "கொஞ்சம் பிடி, அப்பா" என்று மகனிடம் கேட்கும்.

உதவுகிறவர்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. செருப்பை மாட்டிவிடுங்கள்; நடக்க வேண்டியவர் அவரே. தினமும் சிறிது சிறிதாய் நடப்பதே அவருக்கு மருந்து. கூட நடந்தால் போதும்.

இதே சிகிச்சை பெற்றுத் தேறிய ஒருவர் கட்டிலருகே அமர்ந்து, "மூன்றாம் வாரம் நானும் அழுதேன்" என்பாராகில், அது நம்முடைய நூறு ஆறுதலுக்குச் சமம். உதவி பெறக் கற்றவரே, மற்றவரைக் கூசச் செய்யாமல் உதவவும் அறிவார்.