சாவி யாரிடம், பொருள் யாருடையது?

சுவிட்சர்லாந்தின் சூக் நகராட்சி 2016 ஜூலையில், குடியிருப்போர் பதிவு அலுவலகத்தில் 200 பிராங்க் வரையிலான கட்டணங்களைப் பிட்காயினில் வாங்கத் தொடங்கியது. 2021 பிப்ரவரியிலிருந்து சூக் கன்டோன் (மாநிலம்) வரியையே பிட்காயினிலும் ஈதரிலும் ஏற்கிறது. முதலில் 1 லட்சம் பிராங்க் என்றிருந்த வரம்பு பிறகு 15 லட்சமாக உயர்ந்தது. ஈதருக்குப் பின்னால் உள்ள ஈத்தீரியம் அறக்கட்டளை 2014-இல் பதிவானதும் இங்கேதான். ஏரிக்கரையை ஒட்டிய இந்த வட்டாரத்துக்குக் 'கிரிப்டோ பள்ளத்தாக்கு' என்று பெயரே விழுந்துவிட்டது. ஆனால் வரி கட்டும் முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வரி கட்டுபவர் விருப்பத்தைத் தெரிவித்தால் அவருக்கு ஒரு கியூஆர் கோடு வருகிறது. அவர் தன் வாலெட்டிலிருந்து அனுப்பும் நாணயம் பிட்காயின் சுவிஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போகிறது. அது பிராங்காக மாற்றி வரித்துறைக்குச் செலுத்துகிறது. அந்த வழியில் கன்டோனின் கஜானாவில் ஒரு பிட்காயின்கூடத் தங்குவதில்லை. இதை இரட்டை வேடம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு இது ஒரு பழைய நிர்வாகத்தின் அனுபவ அறிவாகத் தெரிகிறது. வாங்குவது வேறு, வைத்திருப்பது வேறு, உடைமையாகக் கொள்வது வேறு என்பது அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றும் ஒன்றே என்று சொல்லும் கருவிதான் ஹார்டுவேர் வாலெட்.

அந்தக் கருவியை முதலில் புரிந்துகொள்வோம். 2014-இல் பிராகிலிருந்து வந்த டிரெசரும், பாரிஸின் லெட்ஜரும், சூரிக்கில் உருவாகும் பிட்பாக்ஸும் பென் டிரைவைவிடச் சற்றே பெரிய பொருட்கள். அவற்றுக்குள் நாணயம் எதுவும் இல்லை. நாணயம் என்பது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் உள்ள வெறும் பதிவு. அந்தப் பதிவை நகர்த்தும் ரகசியச் சாவிதான் கருவிக்குள் இருக்கிறது. பரிமாற்றத்துக்கான கையெழுத்து உள்ளேயே நடக்கிறது, சாவி கணினிக்கு வருவதே இல்லை. கருவியைத் தயாரித்தவரிடமிருந்தே நேரடியாக வாங்க வேண்டும். பெட்டியைத் திறக்கும்போதே மீட்புச் சொற்கள் எழுதப்பட்ட அட்டை உள்ளே இருந்தால் அது திருடன் அனுப்பியது. கருவி தானாகவே 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து சாவியை மீட்கும் 24 சொற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றாகச் சின்னத் திரையில் காட்டும். அவற்றை வரிசை மாறாமல் பேனாவால் தாளில் எழுத வேண்டும். போனில் படம் பிடிக்கக் கூடாது, ஏனென்றால் அது நம்மைக் கேட்காமலே கிளவுடுக்கு ஏறிவிடும். பிறகு பின் எண். லெட்ஜரில் அதை மூன்று முறை தவறாக அழுத்தினால் கருவி தன்னிடம் உள்ளதை அழித்துவிடும். கவலை வேண்டாம், 24 சொற்கள் இருந்தால் வேறொரு கருவியில் எல்லாம் திரும்பி வரும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் சிறு தொகையை அனுப்பி, கருவியில் உள்ளதை வேண்டுமென்றே அழித்து, சொற்களை இட்டு மீட்டுப் பார்த்த பிறகே பெரிய தொகையை வைக்கிறார்கள். பணம் அனுப்பும்போது கணினித் திரையை நம்பாமல், கருவியின் திரையில் தெரியும் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறார்கள். இத்தனையும் முடிந்த பிறகு நம்மிடம் இருப்பது என்ன? 24 சொற்கள். அவற்றை அறிந்தவர் யாரோ அவரே உடையவர். கணக்கேட்டுக்கு வேறு எந்தப் பெயரும் தெரியாது.

இங்கேதான் தத்துவக் கேள்வி எழுகிறது. ஒன்றை அடக்கியாளும் ஆற்றலும் அதன்மேல் உள்ள உரிமையும் ஒன்றுதானா? இம்மானுவேல் காண்ட் 1797-இல் எழுதிய அறவியல் நூலில் இதற்கு ஓர் ஆப்பிளைக் காட்டினார். கையில் பிடித்திருப்பதால் மட்டும் ஆப்பிள் என்னுடையது ஆகாது. கீழே வைத்துவிட்டு நடந்துபோன பிறகும், வேறொருவர் அதை எடுத்தால் எனக்கு அநீதி நேர்ந்தது என்று சொல்ல முடியுமானால்தான் அது என்னுடையது. அதாவது உடைமை என்பது எனக்கும் பொருளுக்கும் இடையே உள்ள உறவாக மட்டும் இருக்க முடியாது. எனக்கும் மற்றவர்களுக்கும் இடையே பொருளைக் குறித்து உள்ள உறவு அது. ஹார்டுவேர் வாலெட்டின் உலகில் ஆப்பிளைக் கீழே வைக்கவே முடியாது. 24 சொற்களைக் கண்ட திருடன் கையெழுத்திட்டால் அது செல்லுபடியாகும் கையெழுத்து. கணக்கேடு அவனையும் என்னையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. நான் மறந்துபோனால் அந்த நாணயம் அரசுக்கும் போகாது, வாரிசுக்கும் போகாது. எவராலும் தொட முடியாமல் கணக்கேட்டில் கிடக்கும். திருட்டு என்ற சொல்லுக்கே அந்த அமைப்புக்குள் இடமில்லை. ஆகவே, எல்லோரையும் விலக்கிவிட்டுத் தனியாக நான் வைத்திருப்பது உடைமை ஆகாது, அது ரகசியம் என்பதே என் வாதம். திருக்குறளில் கள்ளாமை அதிகாரம் துறவறவியலில் இருப்பதும், பிறர் பொருளை எடுப்பதற்கு முன்பே எடுக்க எண்ணுவதையும் அது தீமையாகக் கொள்வதும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. கையில் எதையும் வைத்துக்கொள்ளாத துறவிக்கும் பிறர் உடைமை என்ற ஒன்று உண்மையாக இருக்கிறது.

எதிர்முனையில் நிற்கும் சான்று தஞ்சை மண்ணிலிருந்தே கிடைக்கிறது. பத்தூர் விசுவநாத சுவாமி கோயில் சோழர் காலத்தது, பிற்காலத்தில் பாழடைந்தது. அதன் நடராசர் எப்போதோ மண்ணுக்குள் புதைக்கப்பட்டு, புதைத்த இடம்கூட எவருக்கும் தெரியாமல் கிடந்தார். 1976-இல் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் பட்டார். தரகர்கள் கைமாற்றி, கனடாவின் பம்பர் நிறுவனம் 1982-இல் நல்ல விலை கொடுத்து வாங்கியது. சீரமைப்புக்காகப் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்றியது. உலோகம், மண், சிற்ப அமைதி பற்றியெல்லாம் நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். 1991-இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் பூசை இல்லாத, கூரை இல்லாத அந்தக் கோயிலையே வழக்காடும் தரப்பாக ஏற்றுக்கொண்டது. நடராசர் நாடு திரும்பினார். இந்த வழக்கில் உடையவருக்கு எதுவும் தெரியாது. பொருள் இருந்த இடம் தெரியாது, அது விற்கப்பட்டது தெரியாது, பொருளைக் காக்கும் பலமும் இல்லை. வாங்கியவரிடம் சிலை இருந்தது, பணம் கொடுத்ததற்கு ஆதாரமும் இருந்தது. ஆனாலும் உரிமை கோயிலிடமே இருந்தது. இந்தியச் சட்டம் தெய்வத்தைச் சொத்துரிமை உள்ள நபராகவும், அதே சமயம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத மைனரைப் போலவும் நடத்துகிறது. ரகசியச் சொல் ஒன்றைக்கூட அறியாத உடையவர் உலகத்தில் உண்டு என்றால், அறிவதே உடைமை என்ற கொள்கையில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு நடைமுறை சார்ந்தது: நடுவில் நிற்பவர்களை நம்பிக் கெட்டவர்கள் எத்தனை பேர்? உண்மைதான். கனடாவின் குவாட்ரிகா கிரிப்டோ எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். சாவிகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்றார்கள். சுமார் 76,000 வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். பிறகு ஒன்டாரியோ பங்குச் சந்தை ஆணையம் 2020-இல், பணத்தில் பெரும்பகுதி அவர் உயிரோடிருந்தபோதே மோசடியில் போய்விட்டது என்று கண்டறிந்தது. 2024 ஜூலையில் இந்தியாவின் வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் ரூ. 2,000 கோடி களவு போனது. ஆகவே சாவியை நம் கையிலேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாஸிர்எக்ஸ் கதையில் கவனிக்காமல் விடப்படும் பகுதி ஒன்று உண்டு. நிறுவனத்தின் விளக்கப்படி அங்கே கையெழுத்திட்டவர்கள் ஹார்டுவேர் வாலெட் வைத்துத்தான் கையெழுத்திட்டார்கள். சாவி ஒன்றும் திருடு போகவில்லை. திரையில் கண்டது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்தது. எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று மனிதருக்குத்தான் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. வாஸிர்எக்ஸில் எக்ஸ்ஆர்பி என்ற நாணயத்தை வைத்திருந்த ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவருடையது திருடப்பட்ட வகை நாணயமே அல்ல, ஆனால் நட்டத்தில் எல்லோரும் பங்கேற்க வேண்டும் என்றது நிறுவனம். 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது அனுபவிக்கவும் பிறர் பொறுப்பில் ஒப்படைத்து வைக்கவும் தக்க சொத்து என்று சொல்லி அவருக்குப் பாதுகாப்பு தந்தார். அந்த முதலீட்டாளரிடம் சாவி இல்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது, கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது, ஈழத் தமிழர்கள் வாழும் சுவிட்சர்லாந்தைப் பற்றி எழுதும்போது அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மற்றவர்களின் ஒப்புதலில்தான் உடைமை நிற்கிறது என்றால், அந்த மற்றவர்களே பறிக்க வந்தால் என்ன செய்வது? 1983-இல் கொழும்பில் தமிழர்களின் வீடும் கடையும் எரிந்தன. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். கையில் இருந்த பணமும் நகையும் வழியிலேயே பறிக்கப்பட்டன. மனத்தில் பதிந்த 24 சொற்களை எந்தச் சோதனைச் சாவடியும் சோதித்துப் பிடுங்க முடியாதே! இந்த வாதத்தின் பலத்தை ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்ட ஒரு நாளில் அந்தக் கருவி உயிர் காக்கும். ஆனால் துப்பாக்கி முனையில் சொற்களும் வெளியே வரும். 2025 ஜனவரியில் பிரான்சில் லெட்ஜரின் இணை நிறுவனர் ஒருவரே கடத்தப்பட்டு, விரல் வெட்டப்பட்டு, பிணைத்தொகை கேட்கப்பட்டார். அதோடு, ஆபத்துக் காலத்தில் ஒளித்துவைப்பது ஒரு காரியம், ஆபத்து கடந்த பிறகு நியாயம் கேட்பது இன்னொரு காரியம். இலங்கையில் 2016-இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரை போரால் தம் காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை, நீண்ட நாள் வைத்திருப்பதாலேயே உரிமை தரும் ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அது. அதைக் கொண்டு எத்தனை பேருக்குக் காணி கிடைத்தது என்பது வேறு விவாதம். பிடித்து வைத்திருப்பவர் எல்லாம் உடையவர் அல்லர் என்று ஒரு சமூகம் காலம் கடந்தாவது சொல்ல முடிந்தது என்பதே இங்கே முக்கியம். கணக்கேட்டுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லத் தெரியாது.

'எல்லாமே நிலையாதவை, யாருடையதென்று ஏன் மல்லுக்கட்ட வேண்டும்' என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம்: தனக்கு உரியதைத்தான் துறக்க முடியும். 24 சொற்களைத் தொலைத்தவர் துறவி அல்லர்.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இன்னொன்று சொல்வார்கள். ஐந்து சாவிகளில் மூன்று சேர்ந்தால்தான் பணம் நகரும் மல்டிசிக் உண்டு. சொற்களைப் பல பங்காகப் பிரித்துப் பல பேரிடம் தரும் முறையும் உண்டு. தனியாளை நம்பும் சிக்கல் தீர்ந்துவிட்டதே என்பார்கள். தீரட்டும், நல்லதுதான். ஆனால் இந்தத் தீர்வுகள் எல்லாம் கருவி வெளியே அனுப்பிய மனிதர்களைப் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்து வருகின்றன. மனைவி, மகன், நண்பர், வக்கீல் என்று யாரை நம்புவது என்ற கேள்வி மீண்டும் வந்து நிற்கிறது. சூக் வளர்ந்த கதையும் இதுதான். யாரையும் நம்பத் தேவையில்லாத பணத்தைக் கட்டியவர்கள், தங்கள் அறக்கட்டளைகளைப் பதிவு செய்ய நம்பத்தகுந்த பதிவாளரும் நிலையான நீதிமன்றமும் உள்ள ஊராகப் பார்த்து வந்தார்கள். சுவிஸ் சட்டத்தில் அறக்கட்டளையின் செல்வம் எந்த மனிதருக்கும் சொந்தமில்லை, அது ஒரு நோக்கத்துக்கென ஒப்படைக்கப்பட்டது. ஒருவகையில் பத்தூர்க் கோயிலின் நிலைதான்! 2021 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்த சுவிஸ் சட்டத் திருத்தங்கள், பாதுகாவல் நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளருக்கென ஒதுக்கி வைத்த கிரிப்டோவைத் தனியே பிரித்துத் தரவும் வழி செய்தன. சாவி நிறுவனத்திடம் இருக்க, பொருள் வாடிக்கையாளருடையதாகவே இருக்கிறது.

கடைசியாக, கருவி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தள்ளிப்போடும் வேலை ஒன்று: தனக்குப் பிறகு யாருக்கு என்று எழுதி வைப்பது. சுவிட்சர்லாந்தில் சாட்சிகள் இல்லாமல் எழுதும் உயில், முதல் எழுத்திலிருந்து தேதி, கையொப்பம் வரை கைப்பட எழுதப்பட வேண்டும். தட்டச்சு செய்தால் செல்லாது. 24 சொற்களையும் கைப்படத்தான் எழுதுகிறோம். ஒரே மேசையில் ஒரே பேனாவால் எழுதக்கூடிய இரண்டு தாள்கள் இவை, ஆனாலும் ஒன்றைத் திருடினால் பயனில்லை, மற்றதைத் திருடினால் எல்லாம் போச்சு. உயில் ஒருவரின் பெயரைச் சொல்கிறது, எதையும் நகர்த்தும் ஆற்றல் அதற்கு இல்லை. சொற்கள் எதையும் நகர்த்தும், யாருக்காக என்று அவை சொல்வதில்லை. சொற்களை உயிலுக்குள்ளேயே எழுதிவிடலாமே என்று தோன்றும். கூடாது. இறப்புக்குப் பின் உயிலை அதிகாரிகள் திறந்து, அதன் நகலை வாரிசுகளுக்கு அனுப்புவார்கள். சொற்களும் கூடவே போய்விடும். நாணயம் இருக்கிறது என்பதும் அது யாருக்கு என்பதும் உயிலில் இருக்கட்டும். கருவி எங்கே இருக்கிறது என்பதை ஒருவரிடமும், சொற்கள் எழுதிய தாள் இருக்கும் இடத்தை வேறொருவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். அந்த இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் தேட வேண்டிய நாளில் இரண்டு தகவல்களும் சந்திக்காமலே போய்விடும்.