சணற்கயிறும் சரணாகதியும்

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் வாகனத்தில் எழுந்தருளித் திருவீதி வலம் வருகையில், கண்ணீர் மல்க நிற்கும் அடியார்களை உலகம் கண்டு போற்றுகிறது. அவர்களுக்கு நடுவே, கண்ணீரும் பெருகாமல், கையும் கூப்பாமல், உடன் வந்தவர் தோளைப் பற்றி நடத்திச் செல்ல நகர்ந்து செல்பவரும் சிலர் உண்டு. ஓராண்டுக்கு முன்பு அவரே அருளிச்செயல் கோஷ்டியில் முன்வரிசையில் நின்றவராக இருக்கலாம். இன்றோ விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுவதே அவருக்குப் பெரும்பாடு. திருமண் இட்டுக்கொள்ளக் கண்ணாடி முன் அமர்ந்தால் கை எழுவதில்லை. நித்யாநுஸந்தானம் நாவில் ஓடுகிறது. நெஞ்சில் அதன் சுவை தட்டுவதில்லை.

இத்தகையவரிடம் உற்றார் உறவினர் கூறுவன யாவரும் அறிந்தவையே. “பெருமாள் இருக்கிறார், உமக்கென்ன கவலை?” என்பார் ஒருவர். “விசுவாசம் குறைந்தால் இப்படித்தான்” என்பார் மற்றொருவர். “எந்த ஜன்மத்துப் பாவமோ” என்று பெருமூச்சு விடுவார் வீட்டுப் பெரியவர். மூவரும் நல்லெண்ணத்தோடு பேசுபவர்களே. ஆயினும் அவர்கள் சொற்களுக்குப் பின்னே ஒரு கேள்வி நிற்கிறது. சரணாகதி செய்தவனுக்கு மனம் சோர்ந்து போகலாமா? போனால், அவன் மருத்துவரை நாடலாமா? நாடினால் மஹாவிசுவாசத்திற்குப் பங்கம் வாராதா?

முதலில் நோயை அறிதல் வேண்டும். இன்றைய மருத்துவம் மனச்சோர்வு என்று பெயரிட்டு அழைப்பது, வந்து போகும் வருத்தத்தை அன்று. நாளின் பெரும்பகுதியும் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ கவிந்து, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் கெடுத்து, உடலை ஓயச் செய்து, தன்னைத் தானே பழிக்க வைத்து, சிலரிடத்தே சாவைப் பற்றிய நினைவையும் தூண்டும் நிலையே அது. அதற்குக் காரணம் ஒன்றன்று. சில குடும்பங்களில் வழிவழியாக வரும் உடற்கூறு உண்டு. புத்திரசோகம், தீராக் கடன், இல்லத்தில் கொடுமை, முதுமையின் தனிமை ஆகியவை உண்டு. பிரசவத்திற்குப் பின் தாய்மார் சிலருக்கு வருகிறது; கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி குன்றினாலும் இதே அறிகுறிகள் தோன்றக்கூடும். 2015–16இல் தமிழகம் உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய் வந்துள்ளது எனக் கண்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்பதையும் அவ்வாய்வே கூறுகிறது. ஆகவே பிரம்மோத்ஸவத்திற்குத் திரளும் ஆயிரம் பேரில் ஐம்பது பேர் வாழ்வில் இதன் நிழல் படிந்திருக்கக்கூடும்.

இனி ஆட்சேபத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே முறை. இலங்கையில் இந்திரஜித்து அநுமனை பிரம்மாஸ்திரத்தால் கட்டினான். அது போதாதென்று எண்ணிய அரக்கர்கள் சணற்கயிறு கொண்டும் கட்டினர். அக்கணமே அஸ்திரம் தானே நழுவிற்று. சரணாகதியும் அத்தகையதே, வேறோர் உபாயத்தை உடன் சேர்த்தால் அது நில்லாது என்று ஆசார்யர்கள் இந்நிகழ்ச்சியைக் காட்டி உபதேசிப்பர். அப்படியாயின் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை அந்தச் சணற்கயிறு அன்றோ?

அன்று. ஆசார்யர்கள் அவ்வுபதேசத்தில் பேசுவது மோக்ஷத்திற்கான உபாயத்தைப் பற்றி. பிறவிப்பிணி தீர அவன் திருவடிகளைத் தவிர வேறொன்றையும் பற்றலாகாது என்பதே அதன் பொருள். பசி தீரச் சோறு உண்பதையும், காய்ச்சல் தணியக் கஷாயம் பருகுவதையும் அது விலக்கவில்லை. விலக்கியிருந்தால் பிரபன்னர்கள் எவரும் தளிகை செய்திருக்க இயலாது! சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் பாகவதரை யாரும் விசுவாசம் அற்றவர் என்பதில்லை. மூளையும் நரம்பும் சேர்ந்த உடற்பகுதி நோயுறும்போது மட்டும் அது விசுவாசக் குறைவு ஆகிவிடுவது எங்ஙனம்? பிராரப்தம் என்று சொல்வோருக்கும் இதுவே விடை. கால் முறிவும் பிராரப்தமே. ஆயினும் கட்டுப் போடாமல் எவரும் விடுவதில்லை.

கோயில்களே இதற்குச் சான்று பகர்கின்றன. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்திலுள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை நடந்ததையும், அங்கு வைத்தியர் ஒருவரும், அறுவை செய்பவர் ஒருவரும், மருந்து கொணர்வோரும், நோயாளிக்குப் பணிவிடை செய்யும் பெண்டிரும் இருந்ததையும், சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களையும் அது விரிவாகச் சொல்கிறது. திருவரங்கத்திலோ தன்வந்திரிப் பெருமாளுக்குச் சந்நிதியே உண்டு. பெருமாளை ஸேவித்தவன் மருந்துண்ண வேண்டாம் என்று அந்நாள் கோயிலார் எண்ணியிருந்தால், பதினைந்து படுக்கைகளுக்கு நிவந்தம் எழுதிக் கல்லில் வெட்டியிருக்க மாட்டார்கள்.

இவற்றினும் நுட்பமான குழப்பம் ஒன்று உண்டு. ஆழ்வார்களும் ஆசார்யர்களும் தம்மைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்களே, ஆளவந்தார் தம் ஸ்தோத்ர ரத்னத்தில் தம் குற்றங்களை அடுக்கி அழுதிருக்கிறாரே, நோயாளி தன்னைப் பழித்துக்கொள்வதும் அந்த நைச்யாநுஸந்தானம்தானே என்று சிலர் அதனைப் பாராட்டவும் செய்கின்றனர். இங்கேதான் கூர்ந்து நோக்க வேண்டும். சொற்கள் ஒன்றுபோல் இருக்கலாம். அவை செல்லும் திசை வேறு. ‘யான் கைம்முதல் அற்றவன், ஆகையால் நீயே காக்க வேண்டும்’ என்று முடிவது நைச்யம். அதன் கடைசிச் சொல் எப்போதும் அவனுடைய கிருபையைப் பற்றியது. ‘யான் பயனற்றவன், ஆகையால் எவருக்கும் யான் வேண்டுவதில்லை’ என்று முடிவது நோய். முன்னது கதவைத் தட்டும் கை. பின்னது உள்ளிருந்து தாழிடும் கை. சரணாகதியின் அங்கமாகிய கார்ப்பண்யத்தோடு, காப்பான் என்னும் விசுவாசமும் கூடவே நிற்கும். நோயோ அந்த விசுவாசம் எழவேண்டிய இடத்தையே மூடிவிடுகிறது. காய்ச்சலில் நாக்கு கசப்பது பாலின் குற்றம் அன்று, குடிப்பவன் நன்றியின்மையும் அன்று. பெருமாளை நினைத்தும் நெஞ்சு உருகவில்லையே என்று மேலும் தன்னைச் சபித்துக்கொள்பவருக்கு இதனை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். அதை விடுத்து, ‘என்ன பாவம் செய்தீரோ’ என்று கேட்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதேயாகும். ஏனெனில் தான் பாவி என்னும் எண்ணமே அந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று.

திருவாய்மொழியின் நான்காம் பத்தில் ஆறாம் திருவாய்மொழி தோழி பாசுரமாக அமைந்தது. பெண்ணின் நோய் இன்னதென்று அறியாமல் வெறியாட்டுக்கு ஏற்பாடு செய்யும் தாய்மாரைத் தோழி தடுக்கிறாள். அவளுக்கு வந்தது எம்பெருமான் மீது கொண்ட காதல்நோய். அதற்குப் பரிகாரமும் அவனைச் சார்ந்ததே. ஆழ்வாரின் விரஹதாபம் வேறு, மருத்துவர் காணும் மனச்சோர்வு வேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் நோய்க்கேற்ற பரிகாரம் தேடாமல் கைக்கு வந்ததைச் செய்யலாகாது என்னும் தோழியின் எச்சரிக்கை இரண்டிடத்தும் பொருந்தும்.

கீதையைக் கையில் எடுத்துத் தைரியம் சொல்ல வருவோர் ஒன்றைக் கவனித்தல் நலம். தேர்த்தட்டில் அர்ஜுனனுக்கு அவயவங்கள் ஓய்ந்தன, வாய் உலர்ந்தது, காண்டீபம் நழுவிற்று, நிற்கவும் இயலவில்லை. அவனுடைய விஷாதம் போர்க்களத்துத் தர்மசங்கடம். எல்லா மனச்சோர்வும் அதுவே என்பதற்கில்லை. ஆனால் கண்ணன் செய்தது நினைக்கத் தக்கது. முதலில் இரண்டு சுலோகங்களில் கடிந்துகொண்டான். பேடித்தனம் வேண்டா, எழுந்திரு என்றான். ஸாக்ஷாத் பகவானே சொல்லியும் அக்கடிதல் பலிக்கவில்லை. போர் புரியேன் என்று சொல்லி அர்ஜுனன் வாய்மூடி அமர்ந்தான். அதன் பின்னரே புன்முறுவலோடு உபதேசம் தொடங்கிற்று. கேள்வி எழுந்தபோதெல்லாம் விடை வந்தது. பதினெட்டாம் அத்தியாயத்தின் இறுதியிலும், ‘மயக்கம் தீர்ந்ததா?’ என்று கண்ணனே கேட்கிறான். தானாக முடிவு செய்துவிடவில்லை. துயருற்றவரிடம் வீடுகளில் சொல்லப்படுவதோ பெரும்பாலும் அந்த முதல் இரண்டு சுலோகங்கள் மட்டுமே.

கேட்பதற்கு ஆள் கிடைப்பது முன்பு அரிதாக இருந்தது. மனநல மருத்துவர் நகரங்களில்தான் இருந்தார். கிராமத்தார் ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறிப் போக வேண்டும், போனதை நாலுபேர் பார்த்துவிட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது என்ற அச்சம் வேறு. 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்குப் பேருந்தொன்று சென்று, அதனுள் அமர்ந்த நோயாளி சென்னையிலுள்ள மருத்துவரோடு காணொளியில் பேசும் ஏற்பாட்டை ஸ்கார்ப் நிறுவனம் செய்தது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணுக்கு இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இதற்கும் எல்லை உண்டு. ஓரறை வீட்டில், ஒரே கைபேசியை வைத்துக்கொண்டு, மாமியார் அருகிலிருக்க மருமகள் எதைப் பேசுவாள்? அவளைக் கோயிலுக்கு அழைத்து வரும் தோழி, பிராகாரத்து மூலையில் தன் கைபேசியைக் கொடுத்துச் சற்றுத் தள்ளி நின்றால் அதுவும் பெரிய கைங்கர்யமே. உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் தொலைபேசி போதாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும், தனியே விடலாகாது. சிகிச்சை தொடங்கியபின் மருந்து முழுப்பலன் தரச் சில வாரங்கள் செல்லும் என்பதையும், சற்றுத் தெளிந்தவுடன் தாமாக நிறுத்தலாகாது என்பதையும் வீட்டார் அறிந்திருத்தல் அவசியம்.

இறைவன் பெயரைச் சொல்லி நோயாளியைத் துன்புறுத்திய காலமும் இருந்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுக்கிறது.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரிக் கரையில், பிரஸன்ன வேங்கடாசலபதி எழுந்தருளியுள்ள குணசீலத்திற்கு மனம் நலிந்தோரை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், அங்கே தங்குகின்றனர். கோயிலைச் சார்ந்து மனநல மறுவாழ்வு இல்லமும் அமைந்துள்ளது. மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார். உச்சிக்காலத்திலும் இரவிலும் பூஜை முடிந்ததும் நோயாளிகள் சந்நிதியில் அமர, அர்ச்சகர் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார். துடைத்துக்கொண்டு எழுந்து சென்று, அவரவர்க்குரிய மாத்திரையையும் விழுங்கிவிட்டு, அவர்கள் படுத்துக்கொள்கிறார்கள்.