ஒரு மெத்தை வந்த நாள்

எல்லப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்குச் சமதரைதான் பெரிய செல்வம். ரயிலுக்கே இறங்க வழியில்லாமல், தெமோதரையில் ஒரு சுற்றுச் சுற்றித் தன் நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து போகிற மலை இது. 400 மீட்டர் ஓடுபாதை ஒன்றுக்கு ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும். அவ்வளவு தரைக்கு எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்? தேயிலை போக மிஞ்சிய துண்டு நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடுகிறார்கள்.

உயரம் பாய்தலுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. சில எட்டு ஓடிவர ஒரு களம், இரண்டு கம்பம், குறுக்கே ஒரு தடி, விழுவதற்கு ஒரு மெத்தை. அந்த மெத்தையில்தான் எல்லாம் நின்றுபோகிறது. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் ஃபொஸ்பரி முதுகு கீழே இருக்கத் தடியைத் தாண்டி, 2.24 மீட்டர் பாய்ந்து தங்கம் வென்றார். பிறகு உலகம் முழுவதும் அந்தப் பாய்ச்சலுக்கு மாறிவிட்டது. மணலில் முதுகால் விழ முடியுமா? கழுத்துக்கு ஆபத்து. ஆகவே மெத்தை இல்லாத பாடசாலைப் பிள்ளை இன்னமும் கத்தரிக்கோல் போலக் காலை வீசித் தாண்டுகிறது. வலயமட்டப் போட்டியில் தோற்று வரும்போது அதன் கால்களில் ஒரு குறையும் இல்லை.

இலங்கைக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல் தங்கம் கொண்டுவந்தது உயரம் பாய்தல்தான். 1958, டோக்கியோ. பாய்ந்தவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், உயரம் 2.03 மீட்டர். அதற்கு ஆறு வருடம் முன்பு ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்குப் பதினேழு வயது. பிறகு அமெரிக்காவில் படித்து, கல்வியாளராகப் பல நாடுகளில் வேலை செய்தார். முதிய வயதில் ஊருக்கு வந்து வடக்குப் பிள்ளைகளின் மெய்வல்லுநர் பயிற்சிக்குத் துணை நின்றார். 2024இல் மறைந்தார். பதக்கத்தைவிட அந்தத் திரும்பி வருதல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவர் தாண்டிய உயரம் எவ்வளவு என்பதைப் பத்திரிகை பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எப்படித் தாண்டினார் என்பதை அவர் பக்கத்தில் வந்து நின்றால்தானே பிள்ளை கேட்க முடியும்?

நாமும் பாடசாலைகளில் பழைய மாணவரைக் கௌரவிக்கிறோம். மேடை, மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம். செய்யத்தான் வேண்டும்; லயத்தில் பிறந்து, அரைவயிறோடு படித்து, கொழும்பில் ஒரு கடை போட்டு நிமிர்ந்தவருக்குத் தன் பாடசாலையில் கிடைக்கும் மரியாதை வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அந்த மரியாதையை மண்டபத்துக்குள் முடித்துவிடாமல் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை. விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம அதிதியாக அழைக்கிறவரை, ஒரு கிழமை முன்பே பயிற்சிக்கும் அழைப்போம். என்ன இல்லை என்பதை அவரே பார்க்கட்டும்.

அப்படி வந்து பார்த்த ஒருவர் ஒரு பாடசாலைக்கு மெத்தை வாங்கி அனுப்பியதை நான் அறிவேன். லொறி தோட்டத்துச் சந்தியோடு நின்றுவிட்டது; மேலே ஏறவில்லை. பெற்றோர்தான் சுமந்தார்கள். கொழுந்து மூட்டை சுமந்து பழகிய தலைகள். நீல நிற மெத்தை தேயிலைக்கு நடுவே மெல்ல மெல்ல மேலே ஏறியது. சிறு பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். போட்டியன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தியது அந்த மெத்தைக்குப் பக்கத்தில். அவர் பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தடியைத் தன் கையாலேயே ஒரு புள்ளி உயர்த்தி வைத்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஓடிவந்து, முதல் தடவையாகப் பயமில்லாமல் முதுகால் விழுந்தது.