மறைபொருளும் மருந்து முறையும்

உயிர் காக்கும் அறிவை யாருக்குச் சொல்லலாம், யாரிடம் மறைக்கலாம் என்று வைணவம் நெடுங்காலம் வாதாடியிருக்கிறது. சிகிச்சை நெறிமுறைகளை இணையத்தில் திறந்துவைக்கும்போதும் அதே கேள்வி எழுகிறது. ஸ்ரீரங்கத்தில் சமயமும் வைத்தியமும் ஒரே மதிலுக்குள் இருந்தவை. ஹொய்சளர் காலத்து ஆரோக்கியசாலை ஒன்று சிதைந்துபோக, அதைக் கருடவாகன பட்டர் சீர்செய்து தன்வந்திரியை எழுந்தருளப்பண்ணியதை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தன்வந்திரிக்கு இன்றும் அங்கே தனிச் சந்நிதி உண்டு.

வைணவ மந்திரப் பொருளைத் தகுதி பாராமல் வெளியிடக் கூடாது என்று திருக்கோஷ்டியூர் நம்பி தம் சீடர் ராமானுஜருக்குக் கட்டளையிட்டிருந்தார். ராமானுஜர் அதை மீறினார். கோபுரமேறி ஊரையே அழைத்தார் என்கிறது மக்கள் வழக்கு. பழைய குருபரம்பரை நூல் கோயிலில் கூடிய அடியார்களுக்குச் சொன்னார் என்பதோடு நிற்கிறது. எப்படியானாலும் மீறியதன் பாவத்தைச் சொன்னவரே ஏற்றார், பயன் கேட்டவர்களுக்குப் போயிற்று.

ஆனால் காதில் விழுந்தது எல்லாம் புரிந்துவிடாது. அடுத்த படியை ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாச்சாரியர் செய்தார். வைணவர் ரகசியம் என்று போற்றும் மூன்று மந்திரங்களுக்கும் பொருளை ‘முமுட்சுப்படி’யில் தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளத்தில், சிறுசிறு வாக்கியங்களாக எழுதினார், வடமொழி கல்லாதவருக்கும் அது எட்டியது. கோபுரக் கதையைவிட இந்தப் பணி குறைவாகவே பேசப்படுகிறது. கடினமானது என்னவோ இதுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 முதல் வெளியிடும் சிகிச்சை வழித்தாள்கள், ராமானுஜர் செய்ததுபோல் அறிவை எல்லோருக்கும் திறந்துவைக்கும் முதல் படியைச் சேர்ந்தவை. ஒரு நோய்க்கு ஒரு தாள்: அபாய அறிகுறிகள் தனியாக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யவேண்டியது இன்னது, மேல் மருத்துவமனைக்கு அனுப்பவேண்டியது எப்போது என்று. இணையத்திலும் கைப்பேசிச் செயலியிலும் எவரும் பார்க்கலாம். இவை ஆலோசனையே, நோயாளிக்கேற்ப மருத்துவர் மாற்றலாம் என்றும் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் தனியாக இரவுப் பணி பார்க்கும் இளம் மருத்துவருக்கு இது பெரிய துணை.

காரணத்தையும் திறப்பது இன்னொரு படி. நார்வேயில் உருவான ‘மேஜிக்ஆப்’ தளத்தில் ஒரு பரிந்துரையைத் தொட்டால் அதன் சான்று எவ்வளவு உறுதியானது, நன்மை எத்தனை பேருக்கு, தீங்கு எத்தனை பேருக்கு என்பது விரியும். உலக சுகாதார நிறுவனத்தின் கோவிட் மருந்து நெறிமுறை 2020 முதல் அதில் வெளிவந்து, புதிய சான்று வந்தபோதெல்லாம் திருத்தப்பட்டது.

தகுதியற்றவர் கையில் மந்திரம் கெடாது, மருந்தளவு கெடுக்கும் என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஒளித்துவைத்த நாளிலும் மக்கள் கடையில் கேட்டு மாத்திரை வாங்கித்தான் வந்தார்கள். காரணமும் எச்சரிக்கையும் இல்லாத வெறும் பெயர்ப்பட்டியலே அதிக ஆபத்து. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சிகிச்சை வழித்தாள்களைக் காரணத்தோடு தமிழில் தருவதும், தவறு வந்தால் பொறுப்பேற்பதும் வெளியிடுவோரின் கடமை.